தலையில்லாத செவலை

வேலுத்தாய் படம் வரையக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. கற்றுக்கொடுத்த அன்னாளுக்குப் பதினேழு. கேரள மலையில் தேவிகுளத்துக்குக் கீழே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. நடந்தது எழுபத்தைந்தாம் வருஷம்.

அன்னாள் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். அவளாக விட்டாளா, விடச் சொன்னார்களா என்பதில், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இரண்டு கட்சி உண்டு. ஹெட்மாஸ்டர் மழைக்குக் குடையை விரித்தபோது உள்பக்கத்தில் அவர் முகமே சுண்ணாம்பில் பல்லைக் காட்டிச் சிரித்தது; அதற்காகத்தான் போகச் சொன்னார்கள் என்பது ஒரு கட்சி. ‘வரைந்தது நான்தான்’ என்று அன்னாளே ஒத்துக்கொண்டதால் இன்னொரு கட்சிக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. பிறகு தேயிலை ஃபேக்டரியில் வேலை. காய்ந்து அரைபட்டு வரும் தூளைப் பரப்பி வைத்து, அதில் கிடக்கும் சிவப்புக் குச்சிகளைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விரலால் பொறுக்கி எடுப்பார்கள். அன்னாளுக்கு அது டெம்பரரி. தை மாதம் பெயரைப் பெர்மனெண்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளும்படி அவள் அம்மா செபமாலையம்மாள் தினமும் ராத்திரி ஜெபத்தோடு சேர்த்துச் சொல்லிவந்தாள்.

வேலுத்தாயைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. பிறந்தது அதே லயத்தில். பன்னிரண்டு வயதில் கொழுந்து கிள்ளப் போனவள் இன்னும் போய்க்கொண்டிருந்தாள். கணவன் ராக்கப்பன் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு இறந்தான். அப்போது மகளுக்கு ஏழு வயது. மகள் சாந்தம்மாளை வட்டவடையில், காரட்டும் பூண்டும் போடுகிற ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தாள். மகள் புகுந்த வீட்டுக்குப் போன அதே மாதம் இங்கே ஒரு கன்றுக்குட்டி வந்தது. தாய்ப்பசு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனதால் புட்டியில் பால் ஊட்டி வளர்த்தாள். நிறம் செவலை, பெயரும் செவலை. இப்போது அது கறவையில் இருந்தது. லயத்தில் யாரோடும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத வேலுத்தாய், செவலையோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவாள். செவலை எதையும் வெளியே சொல்லாது என்பதுதான் காரணம்.

மற்றவர்கள் சொன்னார்கள். அதுதான் அவளுடைய பெரிய சங்கடம். தாய்க்கும் மகளுக்கும் எழுத்துத் தெரியாது. வட்டவடையில் யாரையாவது எழுதச் சொல்லி மகள் அனுப்புகிற கடிதத்தைக் கடைக்காரன் பிச்சைமணிதான் படித்துச் சொல்வான். பிச்சைமணிக்கு மனசுக்குள் படிக்க வராது. தெரு கேட்கத்தான் படிப்பான். சாந்தம்மாள் முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்தபோது, வேலுத்தாய் கடைப்படி இறங்கி வீடு சேருவதற்குள் மூன்று லயத்துப் பெண்கள் அவளுக்கு வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அது கலைந்துபோனதாக வந்த கடிதத்தையும் பிச்சைமணிதான் படித்தான். அதே குரலில்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாய் குழாயடியில் அன்னாளைப் பிடித்தாள்.

“ஏட்டி அன்னாளு, நீ எஸ்டேட் தொரையை நாயா வரைஞ்சியாமே?”

“நாயைத்தான் அத்தை வரைஞ்சேன். அது தொரை மாதிரி வந்திட்டு.”

“எனக்குச் சொல்லிக் குடு.”

“நாய் வரையவா?”

“கடுதாசி வரைய.”

அன்னாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். வேலுத்தாய் சிரிக்கவில்லை.

“எழுத்துச் சொல்லித் தாரேன் அத்தை. அது லேசு.”

“நான் எழுதினா அவளுக்குப் படிக்கத் தெரியுமா? அவளும் ஒரு பிச்சைமணியைத் தேடிப் போவணும். வட்டவடையிலயும் ஒருத்தன் இருப்பான்லா.”

வட்டவடையிலும் ஒருவன் தெரு கேட்கப் படிப்பதை அன்னாள் நினைத்துப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டாள். படிப்புச் சொல்லிக்கொடுக்க ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் பால் என்று பேச்சாயிற்று.

பள்ளிக்கூடம் வேலுத்தாயின் அடுப்படிச் சுவரில் நடந்தது. கரித்துண்டுதான் பென்சில். முதல் நாள் ஒரு பானை வரையச் சொன்னாள் அன்னாள். வேலுத்தாய் இரண்டு கையிலும் கரியை எடுத்தாள். இரண்டையும் ஒன்றாகச் சுவரில் வைத்தாள். இடது கை இடப்பக்கமாகவும் வலது கை வலப்பக்கமாகவும் இறங்கி வளைந்து கீழே வந்து முட்டிக்கொண்டன. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. குயவன்கூட அப்படி ஒரு பானை செய்ய முடியாது. முப்பத்து நாலு வருஷம் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் கொழுந்து கிள்ளியவளுக்கு, ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை சும்மா இருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்னாளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை வெளியே காட்டாமல், “பரவால்ல” என்றாள்.

பானை, குத்துவிளக்கு, தேயிலைச் செடி எல்லாம் அப்படியே வந்தன. தொல்லை மனுஷனை வரையும்போதுதான் வந்தது. இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. வேலுத்தாய் வரைந்த ஆட்கள் எல்லாரும் கையை ஒட்டவைத்து, காலைச் சேர்த்து, ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடி ஏற்றும்போது நிற்கிற மாதிரி நின்றார்கள். போதும் என்று அவளே முடிவுசெய்து முதல் கடிதத்தை அனுப்பினாள். அதில் அவளே நின்றாள். பக்கத்தில் செவலை, மேலே சூரியன். ‘நானும் மாடும் சுகம்’ என்று அர்த்தம். மூணாறிலிருந்து வட்டவடைக்கு ஜீப் ஓட்டும் இன்னாசிராஜ் கையில் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அதே ஜீப்பில் சாந்தம்மாள் வந்து இறங்கினாள். தலை விரிந்து கிடந்தது. மாமியார் கொடுத்தனுப்பிய பூண்டு மூட்டையை ரோட்டிலேயே போட்டுவிட்டு, அழுதபடி லயத்தைப் பார்த்து ஓடிவந்தாள். வாசலில் தாய் விறகு பிளந்துகொண்டிருப்பதைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னட்டி, என்ன ஆச்சு?”

“நீ செத்துட்டேன்னுல்லா படம் வந்துச்சு! கையை இப்பிடித் தொங்கப் போட்டுக்கிட்டு, காலைக் கட்டி வச்சாப்பில… தலைமாட்டுல விளக்கு வேற!”

“அது சூரியன்ட்டி.”

சாந்தம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சூரியனுக்காகவும் கொஞ்சம் அழுதாள்.

அன்றைக்கு அன்னாள் ஒரு சட்டம் போட்டாள். வரையும்போது வேலுத்தாயின் இடது கையை முந்தானையில் சுருட்டி இடுப்பில் செருகிவிட வேண்டும். இரண்டாவது சட்டம், மனசில் இருக்கிற மாட்டை வரையக் கூடாது, எதிரில் நிற்கிற மாட்டைத்தான் வரைய வேண்டும்.

“ரெண்டும் ஒரே மாடுதானே?”

“இல்ல அத்தை. மனசுல இருக்க மாட்டுக்கு நாலு காலும் எப்பவும் தெரியும். நிசமாட்டுக்கு ஒண்ணு மறைஞ்சிருக்கும். உனக்கு எங்க இருந்து எது தெரியுதோ அதை மட்டும் வை. தெரியாததை வைக்காத. மீதியைப் பாக்கவ பாத்துக்கிடுவா.”

இதை யார் அன்னாளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தே பழகியவளுக்குத் தானாகத் தெரிந்திருக்கலாம்.

காகிதத்துக்கு அன்னாள் ஒரு வழி வைத்திருந்தாள். குச்சி பொறுக்கும் இடத்துக்கு அடுத்த அறையில் தேயிலையைப் பெட்டியில் அடைப்பார்கள். பெட்டிக்குள் விரிக்கும் காகிதம் கெட்டியானது, வழவழப்பானது. கிழிசல் தாள்கள் மூலையில் கிடக்கும். அவற்றைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். நிறத்துக்கு மஞ்சள்பொடி, செங்கல்பொடி, துணிக்குப் போடும் நீலம், சுண்ணாம்பு, கொதிக்கக் கொதிக்க வற்றவைத்த தேயிலைச் சாறு. தூரிகைதான் கிடைக்கவில்லை. துடைப்பக் குச்சியைக் கடித்துப் பார்த்தார்கள். வேப்பங்குச்சி அந்தக் குளிரில் ஏது? ஒரு நாள் அன்னாள் தன் பின்னல் நுனியைக் கத்திரித்து ஒரு குச்சியில் நூல் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தாள். செபமாலையம்மாள் கேட்டதற்கு எலி கடித்துவிட்டதாகச் சொன்னாள். நாலு விரல் நீளத்துக்கு எலி கடிக்குமா என்று செபமாலையம்மாள் ஒரு வாரம் எலியைத் தேடினாள்.

வட்டவடைக்குக் கடிதங்கள் போயின. முட்டைக்கோஸ், பூண்டு, சின்னச் சின்ன ஆட்கள் எல்லாம் வைத்துப் பதிலும் வந்தது. சாந்தம்மாளும் மெல்லப் பழகிவிட்டாள். ஜீப்பில் இன்னாசிராஜ் பிரித்துப் பார்த்தாலும் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலுத்தாய்க்கு அதில் பரம திருப்தி.

ஆனி மாத மழையில்தான் அந்தப் படம் வந்தது.

ஒரு நாள் காலையில் கறந்து முடித்த வேலுத்தாய், முக்காலியை விட்டு எழுந்திருக்காமல், அங்கேயே மடியில் பலகையை வைத்து வரைந்தாள். மாலையில் அன்னாளிடம் காட்டினாள். மேலே கூரை மாதிரி செங்கல் நிறத்தில் ஒரு பெரிய வயிறு. நாலு தூண் மாதிரி நாலு கால். நடுவில் மடி. மடியில் நாலு காம்புக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஐந்தாவதாக ஒரு குட்டிக் காம்பு. அதற்குப் பின்னால், உள்தொடையில், பாதி மறைந்து ஒரு கறுப்பு மறு. அவ்வளவுதான். தலை இல்லை, கொம்பு இல்லை, முதுகு இல்லை.

“தலை எங்க அத்தை?”

“நான் உக்காந்திருந்த எடத்துல இருந்து தலை தெரியல. தெரியாததை வைக்காதன்னு நீதானட்டி சொன்ன.”

சட்டம் போட்டவளையே சட்டம் கடித்தது. அன்னாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில், காயவைத்து ஜீப்பில் கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜீப்பில் கொடுக்கவில்லை. மறுநாள் ஃபேக்டரிக்குக் கொண்டுபோனாள். தேயிலைப் பெட்டிகளின்மேல் எஸ்டேட் பெயரையும் ஏற்றுமதிச் சரக்கின் லாட் நம்பரையும் அடிக்க, எழுத்து வெட்டிய தகரத் தகடுகள் இருந்தன. பெட்டியின்மேல் தகட்டை வைத்துக் கறுப்பு மை தடவினால் எழுத்து விழும். பாக்கிங் ஆட்கள் பீடி பிடிக்கப் போன நேரத்தில், அன்னாள் மாட்டின் வயிற்றுமேலேயே தகட்டை வைத்து அடித்தாள். எஸ்டேட் பெயர், அதன்கீழே 61. செவலை லண்டனுக்குப் போகிற மாதிரி ஆயிற்று. அடியில் அதே மையால் தன் கைப்பட எழுதினாள்: ‘காணவில்லை: மாட்டின் தலை. கண்டெடுத்தவர் வேலுத்தாயிடம் ஒப்படைக்கவும்.’

மறுநாள் காலை ஆள் எடுக்கிற மஸ்டர் ஷெட் சுவரில் அது ஒட்டியிருந்தது. பிச்சைமணியின் கடைக்கு வந்தவர்களும் ஓடிவந்தார்கள். பிச்சைமணியே வந்து, தெரு கேட்கப் படித்தான். சூப்பர்வைசர்கூட கையிலிருந்த குச்சியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். வேலுத்தாய் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். பார்த்தாள். கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டாள்.

அன்னாளுக்கு டம்ளர் பால் அன்றோடு நின்றது. அடுப்படிச் சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வட்டவடையிலிருந்து வந்த இன்னாசிராஜ், “எங்க அம்மைக்குக் கை கிய் ஒடிஞ்சிருச்சான்னு மக கேக்குது” என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கும் பதில் போகவில்லை.

படம் சுவரில் இருந்த அன்று சாயங்காலமே அன்னாள் ஈரத்துணி வைத்து நனைத்து, ஓரம் கிழியாமல் படத்தை உரித்து எடுத்து, தன் தகரப் பெட்டியின் அடியில் விரித்து வைத்திருந்தாள். ஏன் எடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காகிதம் நல்ல காகிதம் என்று சொல்லியிருப்பாள்.

ஐப்பசியில் செவலை காணாமல் போயிற்று.

மேயப்போனது திரும்பவில்லை. வேலுத்தாய் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. எஸ்டேட்டின் பக்கத்து டிவிஷன் லயங்களெல்லாம் ஏறி இறங்கினாள். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், வாசல் வாசலாக நின்று அடையாளம் சொன்னாள். நெத்தியில் வெள்ளை, உள்தொடையில் மறு, மடியில் அஞ்சு காம்பு. மேல் டிவிஷனில் குருசாமி என்பவன் அவளை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, அடையாளத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். மழையில் அவனுடைய செவலைப் பசு ஒன்று செத்துப்போயிருந்தது. மிகவும் வருத்தப்பட்டான்.

நாலாம் நாள், தேவிகுளம் போகிற ரோட்டில், அலைகிற மாடுகளை அடைக்கும் பட்டியில் செவலை நிற்பதாகத் தகவல் வந்தது. வேலுத்தாய் போய்ச் சேர்ந்தபோது குருசாமி அங்கே இருந்தான். மாடு தன்னுடையது என்று காலையிலேயே சொல்லி, மூன்று அடையாளத்தையும் எழுதிக் கொடுத்திருந்தான். அதில் மறுவும் இருந்தது, ஐந்தாவது காம்பும் இருந்தது.

பட்டியைப் பார்த்துக்கொண்ட ஆபீசர் மலையாளி. கெட்டவர் இல்லை, ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர். வேலுத்தாய் சொன்ன அடையாளத்தைக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் அவரும் பறஞ்சல்லோ” என்று குருசாமியைக் காட்டினார். வேலுத்தாயின் லயத்திலிருந்து நாலு பேர் சாட்சி சொன்னார்கள். குருசாமியின் லயத்திலிருந்து ஐந்து பேர் சொன்னார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டால் தன் ஆளிடம் போகும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்த செவலை, குருசாமி கையில் இருந்த புல்லைப் பார்த்து நேராக அவனிடம் போயிற்று.

வேலுத்தாய்க்கு அப்போதும் அழுகை வரவில்லை. “பசிக்கில்லா செய்யும்” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் முதலில் எழுதிக் கொடுத்தவருக்கு மாடு என்று ஆபீசர் சொல்லிவிட்டார்.

செய்தி அன்று ராத்திரியே அன்னாள் வீட்டுக்கும் வந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து கையைக் கழுவினாள். விடிந்ததும் தகரப் பெட்டியின் அடியிலிருந்து படத்தை எடுத்துச் சுருட்டிக்கொண்டு, வேலுத்தாயின் வாசலில் போய் நின்றாள். நாலு மாசத்துக்குப் பிறகு.

“அத்தை, வா. பட்டிக்குப் போவோம்.”

வேலுத்தாய் அவள் கையில் இருந்த சுருளைப் பார்த்தாள். “அதை இன்னுமா வச்சிருக்க?”

“நல்ல காகிதம் அத்தை.”

பட்டியில் ஆபீசர் படத்தை விரித்து, நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

“எந்தா இது? பசுவின்டெ தல எவிடே?”

“தலை தெரியாது சார். அவங்க கறக்க உக்காந்தா இதுதான் தெரியும். மாட்டைப் பக்கத்துல நிறுத்தி, நீங்க கீழ உக்காந்து பாருங்க.”

ஆபீசர் தயங்கினார். சுற்றிலும் பதினைந்து பேர் நின்றார்கள். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணியில் குந்தினார்.

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றாள் வேலுத்தாய். “நான் குட்டை.”

அவர் இன்னும் குனிந்தார். பின்னால் நின்றுகொண்டு பார்த்தால் உள்தொடை மறு முழுதாகத் தெரியும். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது மட்டும், மடி அதைப் பாதி மறைத்தது. படத்தில் இருந்த மாதிரியே. ஐந்தாவது காம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, படத்திலும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. கூரை மாதிரி வயிறு, தூண் மாதிரி கால். ஆபீசர் படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எழுந்திருக்கவே மனசில்லாத மாதிரி இருந்தது.

“செரியாணு” என்றார்.

குருசாமி சும்மா இருக்கவில்லை. அவனுக்கு எழுத்துத் தெரியும். “சார், கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லுங்க. ‘காணவில்லை’ன்னு போட்டிருக்கு! மாடு காணாமப் போனப்புறம், இங்க வந்து வேலி வழியாப் பாத்து வரைஞ்சது இது. நேத்துப் படம்!”

ஆபீசர் அன்னாளைப் பார்த்தார். அன்னாள் தான் எழுதியதைத் தானே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தலை என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பதினைந்து பேருக்கும், தலையைக் காணோம் என்பதும் மாட்டைக் காணோம் என்பதும் ஒன்றாகத்தான் கேட்டது.

“இது ஆனி மாசம் நான் விளையாட்டுக்கு எழுதினது சார்.”

“ஆனி மாசம் என்னு எங்ஙனெ அறியும்?”

அன்னாள் படத்தில் மாட்டின் வயிற்றுமேல் இருந்த நம்பரைத் தொட்டாள். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாசம் பொறுத்தால் தை. செபமாலையம்மாளின் ஜெபம் ஒரு பக்கம் காதில் ஓடியது.

“இது எங்க ஃபேக்டரி லாட் நம்பர் சார். அறுபத்தொண்ணு. ஒவ்வொரு லாட்டுக்கும் நம்பர் தகடு புதுசா வெட்டுவாங்க. லாட் போனதும் நசுக்கி எறிஞ்சிருவாங்க. படத்துக்கு மேலதான் மை விழுந்திருக்கு, பாருங்க. அந்தத் தகடு இருந்தப்பவே படம் இருந்திருக்கு.”

ஆபீசர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மை உதிர்ந்த இடத்தில் அடியில் செங்கல் நிறம் தெரிந்தது.

“ஃபேக்டரியிலிருந்து எழுதி வாங்கிட்டு வா” என்றார், தமிழிலேயே.

வேலுத்தாய்க்குப் பாதிதான் விளங்கியது. ரோட்டில் திரும்பி நடக்கும்போது கேட்டாள்: “எழுதித் தருவாங்களாட்டி?”

“தருவாங்க அத்தை. நிறையவே தருவாங்க.”

ஃபேக்டரிக்குப் பொறுப்பான அதிகாரியை டீமேக்கர் என்பார்கள். அவர் படத்தை மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இந்தக் காகிதம் உன் கைக்கு எப்படி வந்தது?”

“பாவாடையில வச்சு சார்.”

“காகிதம் போகட்டும். கிழிசல். நம்ம மார்க்கை எடுத்து மாட்டு வயித்துல குத்தியிருக்கியே, இதே மார்க்கை ஒருத்தன் சொத்தைத் தூள் பெட்டியில குத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சேவா என்கிட்ட கொண்டுவந்த?”

அன்னாள் படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள். அவர் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். 61 ஜூன் மாதம் பதினாறாம் தேதி வெட்டியது. பத்தொன்பதாம் தேதி பெட்டிகள் இறங்கிப் போயின, தகடு அன்றே நசுக்கப்பட்டது. அதை இங்கிலீஷில் மூன்று வரியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். நியாயமான மனுஷர். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “நாளையிலிருந்து ஃபேக்டரிக்கு வர வேண்டாம்” என்றார்.

“இன்னைக்கு இன்னும் பாதி நாள் இருக்கே சார்?”

“அதுவும் வேண்டாம்.”

வியாழக்கிழமை சாயங்காலம் செவலை வீட்டுக்கு வந்தது. பட்டியிலிருந்து வேலுத்தாயே ஓட்டிக்கொண்டு வந்தாள். குருசாமியின் லயத்தைத் தாண்டும்போது அவன் வாசலில் நின்றான். அவனுக்கும் ஒரு மாடு செத்திருந்தது என்பதை அவள் மறக்கவில்லை. ஆனால் நடையை வேகமாக வைத்தாள்.

தை மாதம் பெர்மனெண்ட் ஆனவர்களின் பெயர்களை ஒட்டினார்கள். அன்னாள் பெயர் இல்லை. அதற்குள் அவள் கொழுந்து கிள்ளும் காட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள், அங்கேயும் டெம்பரரிதான். வேலுத்தாய் சூப்பர்வைசரிடம் கேட்டுத் தன் நிரைக்கு அடுத்த நிரையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள். அன்னாளின் வலது கை போகும்போது இடது கை செடியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

“என்னட்டி, ஒரு கையை முந்தானையில சுருட்டி வச்சிருக்கியா?” என்றாள் வேலுத்தாய். நிரையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அது வேலுத்தாய் பலர் கேட்கச் சொன்ன முதல் கேலி. அன்னாள் குனிந்து கொழுந்தைக் கிள்ளினாள். மஸ்டர் ஷெட் சிரிப்புக்கு அவள் பாக்கி வைத்திருந்தாள்.

பாலும் திரும்ப வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்ளரோடு ஒரு மடித்த காகிதமும் வந்தது. பிச்சைமணி கடையில் சர்க்கரை மடித்த காகிதம்தான், நீவி நிமிர்த்தியது.

“நாளைக்கு இன்னாசிராஜ்கிட்ட குடுத்திரு. பாத்திட்டுக் குடு, தப்பு இருந்தா சொல்லு.”

அன்னாள் பிரித்தாள். பட்டி. வேலி. சாணியில் குந்தியிருக்கும் ஆபீசர். ஒரு முட்டி உயர்ந்து, ஒரு முட்டி தாழ்ந்து, இரண்டு பக்கமும் இரண்டு விதமாக. செவலைக்கு இந்தத் தடவை தலை இருந்தது, வாயில் புல் இருந்தது. நடுவில் ஒரு பெண் கையை நீட்டிப் பேசிக்கொண்டு நின்றாள். முகம் இல்லை. முதுகுதான்.

“இது யாரு அத்தை, மூஞ்சியே இல்லாம?”

“நீதான். நான் ஒனக்குப் பின்னால நின்னேன். மூஞ்சி தெரியல.”

“பின்ன நான்தான்னு சாந்தம்மாளுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

அன்னாள் மறுபடி பார்த்தாள். முதுகில் பின்னல் தொங்கியது. நுனி வெட்டுப்பட்டு, நாலு விரல் குட்டையாக இருந்தது. அந்தப் பின்னலை வரைந்ததும் அதன் நுனியைக் கொண்டு கட்டிய தூரிகைதான்.

எலி கடித்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அதையும் பாலோடு சேர்த்து விழுங்கிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலையில் ஜீப் வரும்வரை ரோட்டில் நின்றாள். பிச்சைமணி கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். “கையில என்ன அன்னாளு? காட்டேன்” என்று பிச்சைமணி கேட்டான். அவளுக்கு அதை விரித்துக் காட்ட வேண்டும் போல் உள்ளங்கை அரித்தது. காகிதத்தை இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, இன்னாசிராஜின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

“கடுதாசி” என்றாள். “ஒங்களுக்குப் படிக்க வராது.”